மருந்தில்லை, சத்துத்தான்

மூன்று பேர் இருக்கிற அறையில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்று அந்த இரண்டு பேரையும் நம்ப வைப்பதுதான் ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரின் தொழில்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் இந்தத் தொழிலைச் சம்பளமில்லாமல் செய்திருப்பீர்கள். மாமியின் கண் ஒப்பரேஷனுக்குப் போயிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டுக்கொண்டு அப்பாவின் மூலவியாதிக்குப் போயிருப்பீர்கள். டொக்டர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உங்கள் வாயைப் பார்க்க, இதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று முழித்த அந்த அரை நிமிடம் உங்களுக்கும் தெரியும். ஆகவே உங்களிடம் மனம்விட்டுக் கதைக்கலாம்.

நான் இதைப் படித்துச் சான்றிதழ் எடுத்துச் செய்கிறேன். கிழமையில் மூன்று நாள் டீட்டிகோன் என்கிற ஊரில் ஒரு பொதிக் களஞ்சியத்தில் வேலை, மற்ற நாள்களில் கூப்பிட்டால் ஆஸ்பத்திரி. எங்களுக்கு விதிகள் உண்டு. சொன்னது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லாததைச் சொல்லக்கூடாது. நோயாளி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அறைக்கு வெளியில் கேட்டதை உள்ளே கொண்டுவரக் கூடாது, உள்ளே கேட்டதை வெளியில் கொண்டுபோகக் கூடாது. கீழே இருப்பது ஒரே ஒருவரின் கதை. பெயரை மாற்றி, அவரிடமும் மனைவியிடமும் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன். கேட்டபோது அவர் சொன்னது: “எழுதுங்கோ தங்கச்சி. ஆனா என்னை மடையன் மாதிரி எழுதாதையுங்கோ.”

தேசிக்காய் வருத்தம்

சிவபாதம் அண்ணைக்கு ஐம்பத்தேழு வயது. வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியவர். பிறகு டீட்டிகோன் பக்கம் வந்து, ஒரு நகரசபையின் தோட்டப் பிரிவில் இருபது வருடமாக வேலை செய்கிறார். புல்வெட்டும் மெஷின் பழுதானால் என்ன பழுது என்று ஐந்து நிமிடம் டொச்சில், அதுதான் ஜெர்மன் பாஷையில், விளக்குவார். தன் முழங்கால் பழுதானபோது அவரிடம் மூன்று சொல்தான் இருந்தது: முழங்கால், வலி, வீக்கம். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

குடும்ப வைத்தியர் நடுத்தர வயதுப் பெண். போன கோடையில் உடம்பில் எங்காவது சிவப்பு வளையம் வந்ததா என்று கேட்டார். வந்ததாம், தொடையில். படர்தாமரை என்று நினைத்து ஊரிலிருந்து வந்த களிம்பைப் பூசினாராம், மறைந்துவிட்டதாம். அது பூச்சி கடித்ததால் வந்தது என்றார் டொக்டர். அந்தப் பூச்சியை நான் ‘உண்ணி’ என்று சொன்னேன். “உண்ணி நாயையும் மாட்டையுமெல்லோ கடிக்கிறது?” என்றார் அண்ணை. அதையும் மொழிபெயர்த்தேன். தோட்டக்காரரையும் கடிக்கும் என்றார் டொக்டர். இரத்தத்திலும் அது உறுதியானது. இங்கே அந்த நோய்க்குப் பொறெலியோஸ் என்று பெயர். நான்கு கிழமைக்குக் குளிசை எழுதினார்.

வீட்டில் மகள் இன்டர்நெட்டில் பார்த்து, இங்கிலிஷில் இதற்கு லைம் என்று பெயர் என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை வந்தபோது மனைவி ராணி அக்கா டொக்டரிடம் முதலில் கேட்டது, எப்போதிருந்து சாப்பாட்டில் தேசிக்காய் சேர்க்கலாம் என்று. டொக்டர் என்னைப் பார்த்தார். தேசிக்காயின் இங்கிலிஷ் பெயரோடு சத்தம்தான் ஒன்று, இந்த லைம் அமெரிக்காவில் ஒரு ஊரின் பெயர் என்று நான் இரண்டு பக்கமும் விளக்க வேண்டியிருந்தது. அண்ணை மனைவியைப் பார்த்துச் சொன்னார்: “அப்ப ரெண்டு கிழமையா நான் சும்மாவே புளியில்லாத சொதி சாப்பிட்டிருக்கிறன்.”

வேறு மருந்து எடுக்கிறீர்களா?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு டொக்டரும் கேட்பார். முதல் நாளே கேட்டார்கள். “வேறு மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ” என்று நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன். அண்ணையும் சரியாகத்தான் “இல்லை” என்றார். இரண்டு கிழமை கழிந்தும் முழங்கால் வீக்கம் இறங்கவில்லை. டொக்டர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

குளிசையை எப்படி எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது ராணி அக்கா பெருமையோடு சொன்னார். அவரை மறக்க விடுவதில்லையாம். காலையில் பால்தேத்தண்ணி, அதோடு அந்தக் குளிசை, கால் பிடிப்புக்கு மக்னீசியம், இரத்தம் ஊற மகளின் இரும்புக் குளிசையில் ஒன்று, எல்லாம் ஒரேயடியாக. டொக்டர் பேனையை வைத்துவிட்டார். பாலும் மக்னீசியமும் இரும்பும் இந்த மருந்தை வயிற்றுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும், இரத்தத்துக்குள் போக விடாது என்றார். இரண்டையும் பல மணித்தியாலம் தள்ளி எடுக்க வேண்டும், அல்லது இது முடியும்வரை மற்றவற்றை விட்டுவிட வேண்டும். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அன்றைக்கு நான் ஒன்று படித்தேன். டொச்சில் ‘மருந்து’ என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கும் என்று டொக்டர் நினைக்கிறார். தமிழில் அடங்காது. அதற்குப் பிறகு டொக்டரிடம் அனுமதி கேட்டுவிட்டு நான் எல்லோரிடமும் இப்படித்தான் கேட்கிறேன்: மருந்து, சத்துக் குளிசை, மூலிகை, ஊரிலிருந்து வந்தது, ஆராவது தந்தது. எனக்கு அதைப் படிப்பித்தது சிவபாதம் அண்ணையின் பதில்தான்: “மருந்தெண்டு கேட்டவ, நான் இல்லையெண்டன். சத்தெண்டு கேட்டிருந்தா நான் ஏன் ஒளிக்கப் போறன்?”

ஏலாது

மருந்து முடிந்தது. முழங்கால் மெல்ல மெல்ல இறங்கியது. ஆனால் அண்ணை எழும்பவில்லை. காலையில் சப்பாத்துப் போடும்போதே களைத்துப் போகிறார். பத்து மணிக்கு மற்றவர்கள் பாணும் கோப்பியும் எடுக்க இருக்கும்போது இவர் வேலை வண்டிக்குள் போய்ப் படுக்கிறார். “ஆரோ அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு” என்றார். “நித்திரை கொண்டாலும் எழும்பினாலும் ஒண்டுதான். ஏலாமக் கிடக்கு.”

‘ஏலாது’ என்ற சொல்லை எப்படி டொச்சில் சொல்வீர்கள்? எனக்கு வந்த சொற்கள் எல்லாம் ‘களைத்திருக்கிறேன்’ என்ற அளவில்தான் நின்றன. இரவு பிந்திப் படுத்தவரும் களைத்திருக்கிறேன் என்றுதான் சொல்வார். மூன்று சொல் மாற்றி மாற்றிச் சொன்னேன். டொக்டர் கவனமாகத்தான் கேட்டார். இரத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். இந்த நோய்க்குப் பிறகு சிலருக்கு மாதக்கணக்கில் இப்படி இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக விடும், பொறுமையாக இருங்கள் என்றார். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியில் வந்து ட்ராம் தரிப்பிடம்வரை நாங்கள் மூவரும் ஒரே பாதையால் நடந்தோம். விதிப்படி நான் அவர்களோடு நடக்கக் கூடாது, ஆனால் அந்தத் தெருவில் வேறு பாதை இல்லை. ட்ராம் வருகிற நேரத்தில் அண்ணை சொன்னார்: “முழங்காலைச் சொல்லேக்க அவ கொம்பியூட்டரில அடிச்சுக்கொண்டே இருந்தவ. ஏலாதெண்டு சொன்னாப் பிறகு ஒரு எழுத்தும் அடிக்கேல்லை. பாத்தனீங்களோ?”

நான் பார்த்திருந்தேன்.

எல்லாம் எங்கட சாமான்

அடுத்த முறை நான் அவரைக் கண்டது மூன்று மாதம் கழித்து, அதே டொக்டரின் காத்திருப்பு அறையில். ஆளை அடையாளம் தெரியவில்லை. முகம் நிரம்பியிருந்தது, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். ஒரு கிழமை முழுக்க வேலைக்குப் போனாராம், சனிக்கிழமை வீட்டு நிலவறையைத் துப்புரவாக்கினாராம். ராணி அக்காவின் கண்ணில் பல மாதத்துக்குப் பிறகு சிரிப்பு இருந்தது.

அண்ணை ஜாக்கெட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் போத்தலை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு வீடியோவில் பார்த்தாராம். இந்த உண்ணி வருத்தம் வந்தவர்களுக்குக் கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற ஒரு சுரப்பி களைத்துப் போகுமாம். அதிலிருந்து கோட்டிசோல் என்று ஒன்று சுரக்க வேண்டுமாம், அது குறைந்தால்தான் இப்படி ஏலாமல் வருமாம். அதற்கான சத்தை, தெரிந்தவரான குகன் என்பவர் வேறு நாட்டிலிருந்து எடுப்பித்துக் கொடுக்கிறாராம். போத்தலின் பெயர்ச்சீட்டைப் பார்த்தேன். அதிமதுரம், அமுக்கிரா, விட்டமின்கள். “பாத்தீங்களோ, எல்லாம் எங்கட சாமான்” என்றார். ஒரு டொக்டரும் விளக்காததை அந்த வீடியோ அவருக்கு விளக்கியிருந்தது. அவருடைய களைப்புக்கு ஒரு இடம் காட்டியிருந்தது, ஒரு பெயர் கொடுத்திருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அதுவே என் எல்லையைத் தாண்டிய பேச்சு. அவர் போத்தலைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுச் சொன்னார்: “காட்டினா நிப்பாட்டச் சொல்லுவா. ஆறு மாசமா அவவால தர ஏலாததை இது ரெண்டு கிழமையில தந்தது. நீங்களும் சொல்லாதையுங்கோ தங்கச்சி.” அன்றைக்கு உள்ளே டொக்டர் அதைக் கேட்கவும் இல்லை.

நான் சொன்ன “இல்லை”

இலையுதிர் காலத்தில் ஒரு பகல், களஞ்சியத்தில் வேலையில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பூங்காவில் இலை கூட்டிக்கொண்டிருந்த சிவபாதம் அண்ணை குனிந்து நிமிரும்போது விழுந்துவிட்டார். இரண்டு நாளாகச் சத்தி, தண்ணீர் குடித்தாலும் வெளியில் வந்தது, சாப்பாடில்லை, எழும்பினால் தலைச்சுற்று. அம்புலன்ஸில் கொண்டுவந்து சேலைன் ஏற்றி வைத்திருந்தார்கள். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. நான் போகும்போது சுரப்பிகளுக்கான டொக்டர், ஒரு இளம் ஆள், கட்டிலருகே நின்றார். ராணி அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் இருந்தார்.

இரத்தத்தில் கோட்டிசோல் இல்லை என்கிற அளவுக்குக் குறைந்திருக்கிறது என்றார் டொக்டர். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். கோட்டிசோன் குளிசை, அதாவது கோட்டிசோல் போலவே வேலை செய்கிற மருந்து, எடுத்தீர்களா? இல்லை. முழங்காலுக்குள் ஊசி? இல்லை. மூச்சுக்கு இழுக்கிற மருந்து? இல்லை. தோலுக்குக் களிம்பு? அது எப்பவோ முடிந்துபோனது. மூலிகை, சத்துக் குளிசை, இன்டர்நெட்டில் வாங்கியது, ஆராவது தந்தது? நான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொன்னேன். அண்ணை டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “இல்லை” என்றார். நான் டொச்சில் “இல்லை” என்றேன்.

எத்தனையோ பொய்களை மொழிபெயர்த்திருக்கிறேன். சிகரெட் விட்டுவிட்டேன், உப்புக் குறைத்துவிட்டேன், தினமும் நடக்கிறேன். அவை என் வாயில் தங்கியதில்லை. இது தங்கியது. அந்தப் போத்தலை நான் கையில் வைத்துப் பார்த்தவள். வெளியில் கேட்டதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கையெழுத்து வைத்தவளும் நான்தான். ஆனால் ஒரு விஷயம் எங்களுக்கு அனுமதி. ஏதோ விளங்காமல் கதை நடக்கிறது என்று தெரிந்தால், இரண்டு பேருக்கும் அறிவித்துவிட்டு எங்கள் சொந்தக் குரலில் பேசலாம். “இப்ப கதைக்கிறது மொழிபெயர்ப்பாளர்” என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். “இதை ஏன் கேட்கிறீர்கள் என்று டொக்டர் விளக்கினால், அவருக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருக்கும்.”

டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து விளக்கினார். சுரப்பியின் வேலையை வெளியிலிருந்து ஒரு மருந்து மாதக்கணக்கில் செய்தால், சுரப்பி வேலையை நிறுத்திவிடும். அந்த மருந்து திடீரென்று நின்றால் உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. எது உள்ளே போனது என்று தெரியாவிட்டால் எனக்கு வைத்தியம் செய்யத் தெரியாது. அடுத்த காய்ச்சலில் நீங்கள் செத்துப்போகலாம். நாங்கள் தமிழில் நோயாளியின் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. ‘ஏதும் நடந்திடும்’ என்போம். அவர் அந்தச் சொல்லையே சொன்னார், நானும் அந்தச் சொல்லையே சொன்னேன்.

அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். சுவரோரம் கைப்பை திறக்கிற சத்தம் கேட்டது. ராணி அக்கா எழும்பி வந்து, வெள்ளைப் போத்தலைக் கட்டில் மேசையில் வைத்தார். அதற்குள் ஒன்றும் இல்லை, அடியில் ஒட்டியிருந்த இரண்டு குளிசைகளைத் தவிர. அடுத்த பொதி சுங்கத்தில் மாட்டிக்கொண்டதால் நான்கு நாளாக எடுக்கவில்லை என்றார். அவர் ‘நான்’ என்ற இடத்தில் நானும் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு போனேன். முடிவில் அவர் என்னிடம் திரும்பிச் சொன்னதையும் விதிப்படி மொழிபெயர்த்தேன்: “பிள்ளை, உங்கட முகம் பொய் சொல்லத் தெரியாத முகம். நீங்கள் பாவம் எண்டுதான் நான் எடுத்து வைச்சன்.”

அவர் எடுத்து வைக்காவிட்டால் நான் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போத்தலுக்குள் இருந்தது

மிஞ்சிய இரண்டு குளிசையையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளானது. அதற்குள் அண்ணைக்குக் கோட்டிசோன் குளிசை தொடங்கி, எழும்பி நடந்தார். பெயர்ச்சீட்டில் இருந்த அதிமதுரமும் அமுக்கிராவும் உள்ளே இருந்தனவாம். அவற்றோடு பெயர்ச்சீட்டில் இல்லாத ஒன்றும் இருந்தது. கோட்டிசோன் இனத்தைச் சேர்ந்த மருந்து, நல்ல அளவில். முகம் நிரம்பியதும் அதனால்தான், நிலவறை துப்புரவானதும் அதனால்தான்.

வீடியோவில் சொன்னதைப் பற்றியும் அண்ணை கேட்டார். டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. சுரப்பி ‘களைப்பது’ என்று ஒரு நோயை நாங்கள் எந்தப் பரிசோதனையிலும் காண்பதில்லை. சுரப்பி வேலை செய்யாமல் போவது உண்மையான நோய், அது இரத்தத்தில் தெரியும். உங்களுக்கு உண்ணி அதைச் செய்யவில்லை, இந்தப் போத்தல்தான் செய்தது. இனி மெல்ல மெல்லக் குளிசையைக் குறைத்து, சுரப்பி எழும்புகிறதா என்று பார்ப்போம். காய்ச்சல் வந்தால் கூட்டி எடுக்க வேண்டும். சட்டைப்பையில் எப்போதும் இருக்க ஒரு சிறிய அட்டையும் கொடுத்தார்.

அண்ணை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, சொற்கள் கஷ்டம் என்பதால் அல்ல: “அப்ப அந்த மூண்டு மாசம் எனக்குச் சுகமா இருந்ததெல்லாம் பொய். அப்பிடியெண்டா முதல் இருந்த களைப்பும் பொய்யோ?” டொக்டர் தலையாட்டினார், இல்லையென்று. “உங்கள் களைப்பு உண்மை. அதற்கு எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை. நாங்கள் விட்ட அந்த வெற்றிடத்துக்குள்தான் இந்தப் போத்தல் வந்திருக்கிறது.”

காட்டிக் கொடுத்தவள்

எங்கள் ஆட்களுக்குள் செய்தி எப்படிப் பரவும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு கிழமைக்குள், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிறவ ஆட்களைக் காட்டிக் கொடுக்கிறாவாம் என்று வந்துவிட்டது. அந்தச் சொல்லை, போரைக் கடந்து வந்த எங்கள் ஆட்கள் லேசாகச் சொல்வதில்லை. எனக்கு ஒதுக்கிய ஒரு வயதான அம்மா வேறு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை என்று யாரிடமும் போய் நிற்க முடியாது. அப்படிச் சொல்வதென்றால் அறைக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் குகனே எனக்குப் போன் எடுத்தார். அவரை நான் அதுவரை கண்டதில்லை. “நீங்கள்தானாம் போத்தலை எடுத்துக் குடுத்தது” என்று தொடங்கினார். நான் ஒரு கள்ளனில்லை, நாலு பேருக்கு நன்மை செய்யத்தான் எடுப்பித்தேன், நானும் அதைத்தான் குடிச்சனான் என்றார். என்னால் ஒன்றும் கதைக்க ஏலாது என்று மூன்று தரம் சொன்னேன். அவர் திட்டினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சத்தம் குறைந்தது.

“என்ர அம்மாவும் ஏழு மாசமா அதைத்தான் குடிக்கிறா” என்றார். “கதை வந்த உடனை, நேற்றையோட நிப்பாட்டிப் போட்டன். இண்டைக்குப் படுக்கையாலை எழும்புறா இல்லை.” இதற்கு எந்த விதியும் எனக்குத் தேவைப்படவில்லை. மாதக்கணக்கில் எடுத்ததைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தாக முடியலாம், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள், எத்தனை மாதம் எடுத்தா, எப்ப நிறுத்தினது என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள் என்றேன். சப்பாத்துப் போடுகிற சத்தம் போனிலேயே கேட்டது. வைக்கும் முன்னர் அவர் கேட்டார்: “அக்கா, அங்கை மொழிபெயர்க்க நீங்கள் வருவீங்களோ?”

போனேன். அந்த அறையில் நடந்தது அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும். ஆனால் குகனின் அம்மா அடுத்த கோடையில் கோயில் தேருக்கு நடந்து வந்ததை ஊரே பார்த்தது, அதை எழுதுவதில் பிழையில்லை.

ஒரு பை நிறைய

விழுந்து எட்டு மாதம் கழித்து, சுரப்பி டொக்டரிடம் சிவபாதம் அண்ணையின் பரிசோதனை நாள். கையில் ஒரு பெரிய துணிப்பை. டொக்டர் வணக்கம் சொல்லி முடிக்குமுன் பையை மேசையில் கவிழ்த்தார். மக்னீசியம், விட்டமின் டி, மகளின் இரும்புக் குளிசை, கறிவேப்பிலைத் தூள், ஊரிலிருந்து வந்த ஒரு சூரணம், அதிமதுரத் தேத்தண்ணிப் பெட்டி, யாரோ கொடுத்த அமுக்கிராத் தூள், ஒரு போத்தல் இருமல் பாணி. “மருந்து, சத்து, மூலிகை, ஆக்கள் தந்தது” என்று எண்ணிக் காட்டினார். “இனி நீங்களே பிரியுங்கோ.”

டொக்டர் பொறுமையாகப் பிரித்தார். விட்டமின் டி இருக்கலாம், இரத்தத்தில் குறைவாக இருந்தது. மக்னீசியம் இருக்கலாம். இரும்பு மகளுக்கு, உங்களுக்கில்லை. அதிமதுரம் வேண்டாம், அது பிரஷரைக் கூட்டும், கோட்டிசோன் குளிசையோடும் சேராது. அமுக்கிரா இந்தப் பரிசோதனைகள் முடியும்வரை வேண்டாம். சூரணத்தைக் கையில் எடுத்து மணந்து பார்த்து, என்ன என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை, அதையும் மொழிபெயர்த்தேன். அதை டொக்டர் தனியாக ஒதுக்கி வைத்தார். கறிவேப்பிலைத் தூள் சாப்பாடு என்று ராணி அக்கா உறுதியாகச் சொல்ல, அதைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

பரிசோதனையில் சுரப்பி பாதி எழும்பியிருந்தது. அண்ணை இப்போது அரைநாள் வேலைக்குப் போகிறார். புல்லுக்குள் இறங்கும்போது காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுகிறார், வீட்டுக்கு வந்ததும் ராணி அக்கா முழங்காலுக்குப் பின்னால் உண்ணி பார்க்கிறார். களைப்பு எப்படி என்று டொக்டர் கேட்டார். அண்ணை அவசரப்படவில்லை. சொல்லைத் தேடி எடுத்து, முதல் தடவையாக என்னைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: “இருக்குது. ஆனா இப்ப இருக்கிறது என்ர சொந்தக் களைப்பு. அதோட நான் பழகிக்கொள்ளுவன்.”

இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், டொக்டர் சொன்னதையும் நோயாளி சொன்னதையும் மொழிபெயர்க்க யாரும் படித்துக்கொள்ளலாம், ஆனால் நோயாளி இதுவரை சொல்லாததைத் தானே சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு கதிரையில் இருக்கத்தான் எங்களுக்குச் சான்றிதழ் தருகிறார்கள்.